கரைசல் கொடுத்த கை

பிறந்து ஆறே நாளான குழந்தை. டயப்பரைத் தொட்டாலே ஈரம் கனக்கும், கறை என்று சொல்ல லேசான மஞ்சள் மட்டும்தான். சிறுநீர் நன்றாகப் போகிறது என்றே சார்ட்டில் எழுதிவந்தேன். அப்புறம் டாக்டர் சொல்லி சிறுநீர் பிடிக்கும் பிளாஸ்டிக் பையை ஒட்டிப் பார்த்தால், பையில் சில சொட்டுதான். மற்றதெல்லாம் தண்ணீராகப் போன பேதி.

குழந்தைகள் வார்டில் பதினான்கு வருஷமாக நர்ஸ். பேதி என்றதும் கை தானாக ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-குளுக்கோஸ் கரைசல் பாக்கெட்டுக்குப் போகும். அன்றும் பாலாடையில் நான்தான் புகட்டினேன். கொடுக்கக் கொடுக்கப் பேதி கூடியது. மலத்தைப் பெனடிக்ட் கரைசலில் சூடாக்கிப் பார்த்தார்கள். நீலம் செங்கல் நிறமானது. சர்க்கரை அப்படியே வெளியே வருகிறது! வாய்வழியாக எதுவும் வேண்டாம் என்றார் டாக்டர். மறுநாள் பேதி நின்றிருந்தது.

குடல் சுவரில் எஸ்.ஜி.எல்.டி.1 என்று ஒரு புரதம். சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே இழுக்கும், தண்ணீரும் கூடவே போகும். ஓ.ஆர்.எஸ். உயிர் காப்பதே இந்த வழியில்தான். எஸ்.எல்.சி.5ஏ1 மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதாகப் பிறந்த குழந்தைக்கு இந்த வழி கிடையாது. தாய்ப்பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை உடைந்தால் குளுக்கோஸும் கேலக்டோஸும்தான். இரண்டும் குடலிலேயே தங்கித் தண்ணீரை இழுத்துக் கொட்டிவிடும். இந்த மரபணுப் பழுது 1991ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

முதல் குழந்தையும் இப்படியே பேதியாகி ஒன்பதாம் நாள் போய்விட்டதாம். "எம் பாலே விஷமாயிருச்சா சிஸ்டர்?" என்று கேட்டாள் அந்தப் பெண். எனக்குத் தொண்டை அடைத்தது. கட்டியிருப்பது சொந்தத் தாய்மாமனை. மாமியார் என்றாலும் அவளுக்கு அம்மாச்சிதான். "எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி இல்லையேம்மா" என்று அந்தம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். மேலே தாத்தாவும் அம்மாச்சியும். அங்கிருந்து ஒரு கோடு மகள் வழியாகப் பேத்திக்கு, இன்னொன்று நேராக மகனுக்கு. ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்கு நோய் வராது, அதனால் யாருக்கும் தெரியாமலே இறங்கி வந்திருக்கும். இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு என்றார். உன் பக்கம், என் பக்கம் என்று பிரிக்க அந்தத் தாளில் இடமே இல்லை. அந்தப் பெண் அதை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

ஃப்ரக்டோஸ் உள்ளே போக வேறு வழி உண்டு. அதை மட்டுமே சர்க்கரையாகக் கொண்ட பால்மாவு வந்துசேரும் வரை டிரிப்தான். அதைப் பார்த்த அம்மாச்சி, "குளுக்கோஸ் ஆகாதுன்னீங்க, அதையே ஏத்துறீங்களே?" என்று பதறினார். குடலுக்குத்தான் ஆகாது, ரத்தத்தில் நேராகப் போனால் ஒன்றும் செய்யாது என்றேன். கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்தவர், சுருக்குப்பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து என் கையில் வைத்தார். பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை வைக்கக் கொண்டுவந்த சர்க்கரைத் தண்ணீர்.

"அப்ப இதுவும் ஆகாதா தாயி?"


ஆகாது அம்மா என்றேன். அவரே போய் சிங்க்கில் கொட்டிவிட்டு, புட்டியைக் கழுவிக் கவிழ்த்தார்.