70 மில்லிமீட்டர் காட்டிய பாட்டில்

கானாடுகாத்தானிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கிறது எங்கள் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை தலைமையாசிரியை பார்த்துக்கொள்கிறார். நான்கும் ஐந்தும் என் பொறுப்பு. இரண்டு வகுப்பிலுமாக 19 பிள்ளைகள், ஒரே அறை, ஒரே கரும்பலகை. நான்காம் வகுப்புக்கு வகுத்தல் சொல்லிக்கொடுக்கும்போது ஐந்தாம் வகுப்பு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காது, கூடவே விடை சொல்லும். பாடங்களை இணைத்து நடத்திப் பார்க்கலாம் என்ற எண்ணம் எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் தோன்றவில்லை. இந்த இட நெருக்கடியில்தான் தோன்றியது.

முதல் முயற்சி படுதோல்வி. 'நம் ஊர்' என்று தலைப்பு வைத்தேன். பெரிய சார்ட்டில் ஒரு பூ வரைந்து, ஒவ்வோர் இதழிலும் ஒரு பாடத்தை எழுதினேன். தமிழுக்கு ஊரைப் பற்றிய கட்டுரை, ஓவியத்துக்கு ஆத்தங்குடிக் கல்லின் பூவேலை, கணக்குக்கு ஒரு நகரத்தார் வீட்டின் தூண்கள். "ஒரு முகப்பில் 24 தூண்கள். ஒவ்வொரு தூணிலும் 3 கிளிகள் செதுக்கப்பட்டுள்ளன. மொத்தம் எத்தனை கிளிகள்?" நான் உருவாக்கிய கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி 72 என்று எழுதிவிட்டு நிமிர்ந்து கேட்டாள்: "டீச்சர், தூணுக்குப் பதில் மாமரம், கிளிக்குப் பதில் மாங்காய் என்று போட்டாலும் இதே விடைதானே?"

பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கணக்குக்கு ஊர் தேவையே இல்லை. பூ அழகாக இருந்தது; இதழ்கள் ஒன்றோடொன்று பேசவில்லை.

அந்த வருத்தத்தை எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் சொன்னேன். ஆதாரக் கல்விப் பள்ளியில் படித்தவர் அவர். 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த திட்டம் அது. கைத்தொழில் வழியாகவே மற்றப் பாடங்களும் வர வேண்டும் என்பது அதன் கொள்கை. "தக்ளியில் நூற்ற நூலைக் கணக்குப் பார்த்து ஒப்படைக்க வேண்டும். அதனால் கணக்கு வந்தது. கணக்கு வர வேண்டும் என்பதற்காக நூல் நூற்கவில்லை" என்றார். தனக்கு நூற்பு சுத்தமாகப் பிடிக்காது என்பதையும் மறைக்கவில்லை.

மே விடுமுறையில் இரண்டு வகுப்புப் புத்தகங்களையும் கூடத்தில் பரப்பிவைத்து, பிள்ளைகள் எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத் துண்டுச் சீட்டுகளில் எழுதினேன். பரப்பளவு, கொள்ளளவு, இரண்டிலக்கப் பெருக்கல், நீர் சுழற்சி, கடிதம் எழுதுதல், நேர்காணல், ஊரின் நிலவரைபடம். சீட்டுகளைத் தள்ளித் தள்ளி வைத்து, எந்தெந்தச் சீட்டுகள் ஒரே கேள்விக்கு உண்மையிலேயே வேண்டியிருக்கும் என்று பார்த்தேன். இரண்டு நாள் ஓடிவிட்டது. வீட்டில் அந்தப் பக்கம் யாரையும் மின்விசிறி போட விடவில்லை.

கடைசியில் நின்ற கேள்வி: நம் ஊருணிக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது?

பள்ளி திறந்ததும் போகிற போக்கில் இதைப் பிள்ளைகளிடம் கேட்டுவைத்தேன். பெரும்பாலோர் சொன்ன பதில், "மழை நேராக அதற்குள் விழுகிறது". ஒருவன் அடியில் ஊற்று இருக்கிறது என்றான். எவரும் வரத்துக்காலை, அதாவது ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வாய்க்காலை, சொல்லவில்லை. இத்தனைக்கும் அதைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கு வருகிறார்கள்.

திட்டத்தைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எழுதினேன். கடைசி நாளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் கூரையில் ஒரு மழைக்கு எத்தனை குடம் தண்ணீர் விழும் என்று கணக்கிட வேண்டும். ஊருணிக்கு நீர் வரும் வழியை வரைந்து, வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு விளக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் உதவாத எதையும் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். நான் ஆசையாகச் சேர்த்திருந்த மழைப் பாட்டும் காகிதக் கப்பலும் அப்படித்தான் போயின. ஆங்கிலமும் போனது. வாய்ப்பாடும் போனது, அது ஊருணியிலிருந்து வராது, தினமும் காலையில் உட்கார்ந்து சொன்னால்தான் வரும். காலை நேரம் வழக்கமான பாடவேளைகளுக்கு, மூன்று வாரத்தில் 12 பிற்பகல்கள் மட்டும் இதற்கு என்று பிரித்தேன். முழு நாளையும் இணைப்புப் பாடத்துக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொல்பவர்கள் ஒரே அறையில் இரண்டு வகுப்பு நடத்திப் பார்க்க வேண்டும்.

பாடக்குறிப்பு எழுதுவதுதான் உண்மையான தலைவலி. படிவம் பாடவாரியாக இருக்கிறது. ஒரே செயல்பாட்டைக் கணக்கில் ஒருமுறை, அறிவியலில் ஒருமுறை, சமூக அறிவியலில் ஒருமுறை என்று எழுதிக் கை ஓய்ந்தது. பிறகு ஒரு தாளில் நாள்வாரியாகச் செயல்பாட்டை எழுதி, பக்கத்தில் எந்தப் பாடத்தின் எந்தக் கற்றல் விளைவு என்று குறித்து, அதைக் குறிப்பேட்டில் ஒட்டினேன். பார்வைக்கு வந்த அலுவலர் புரட்டிவிட்டு, "ஆங்கிலம் எங்கே?" என்றார். "இதில் இல்லை, காலையில் தனியாக நடக்கிறது" என்றேன். சற்று நேரம் தாளையே பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

சிவகங்கை மாவட்டத்துக்கு அதிக மழை வடகிழக்குப் பருவக்காற்றில்தான். அதனால் அக்டோபர் கடைசியில் தொடங்கினோம். ஊருணிக்குப் போகப் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கினேன். இரண்டு தாய்மார்கள் கூட வந்தார்கள். மேலிருந்து இரண்டாவது படியைத் தாண்டக் கூடாது என்பது விதி. செம்புறாங்கல் படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவைக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, அது பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது. தமிழ்ப் பாடம் அங்கேயே நடந்தது: ஊர் உண்ணும் நீர் என்பதால் ஊருணி. "தண்ணீரை யாராவது உண்பார்களா?" என்று ஒருவன் சிரித்தான். ஒப்புரவறிதல் அதிகாரத்தில் ஊருணி வரும் குறளை அப்போதுதான் சொன்னேன். சார்ட்டில் ஒட்டியிருந்தால் அது அலங்காரமாகப் போயிருக்கும்.

பூட்டியே கிடக்கும் பெரிய வீடு ஒன்று அந்த வாரம் விசேஷத்துக்காகத் திறந்திருந்தது. அந்த வீட்டு ஆச்சி பிள்ளைகளை வளவுக்குள், வீட்டின் நடுமுற்றத்துக்குள், அழைத்துப்போய், நாற்புறமும் உள்நோக்கிச் சரியும் ஓட்டுக் கூரையைக் காட்டினார். "முதல் மழையைப் பிடிக்க மாட்டோம். ஓட்டைக் கழுவிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவோம். அடுத்த மழைக்குத்தான் அண்டா வைப்போம்" என்றார். ஏன் என்று கேட்கச் சொல்லி நான் தயார்செய்து கொடுத்திருந்த கேள்வித்தாளை அதற்குள் எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். அவர்களாகவே கேட்டார்கள். தூசி, புறா எச்சம், காய்ந்த இலை என்று ஆச்சி விரல்விட்டுச் சொன்னார்.

மழைமானியைத் தண்ணீர் பாட்டிலில் செய்தோம். மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல்போல் செருகி, அடிப்பகுதியின் மேடு பள்ளம் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழி என்று குறித்து, அங்கிருந்து அளவுகோல் காகிதத்தை ஒட்டினோம். நேரான பக்கமுள்ள பாட்டில்தான் வேண்டும்; இடுப்பு ஒடுங்கிய குளிர்பான பாட்டில் தப்பாகக் காட்டும். நான்கு குழு, நான்கு பாட்டில். பிறகு ஒன்பது நாள் மழையே இல்லை. திட்டத்தில் அதற்கு இடம் வைக்காதது என் பிழை.

அந்த ஒன்பது நாளில் ஓர் அட்டைப்பெட்டி கைகொடுத்தது. 40 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம். உள்ளே பாலிதீன் விரித்து ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் சரியாக 1 செ.மீ. உயரம் நிற்கிறது. தரையில் சாக்கட்டியால் ஒரு சதுர மீட்டர் வரைந்தோம். அந்தப் பெட்டியைப் போல் பத்து மடங்கு பரப்பு. அப்படியானால் அதே ஒரு லிட்டர் அதில் பரவினால் 1 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்பதை நான் சொல்லவில்லை. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான், சொல்லிவிட்டுத் தானே நம்பாமல் மறுபடி பெட்டியை அளந்தான்.

பத்தாம் நாள் இரவு நல்ல மழை. காலையில் நான்கு குழுக்களும் ஓடிவந்தன. 24, 25, 25. நான்காவது குழு தயங்கி நின்றது. "டீச்சர், எங்கள் பாட்டில் கெட்டுவிட்டது. 70 காட்டுகிறது."

போய்ப் பார்த்தேன். சமையல் கூடத்தின் ஓட்டு இறவாரத்துக்கு நேர் கீழே வைத்திருக்கிறார்கள். கூரைத் தண்ணீர் ஒழுகி விழுந்திருக்கிறது. தவறான இடம், அந்த அளவை விட்டுவிடுவோம் என்று சொல்லி, கரும்பலகையில் 70ஐ அழிக்க டஸ்டரையும் எடுத்துவிட்டேன். மாங்காய்க் கணக்குக் கேட்ட அதே பெண், "அந்த 45 எங்கேயிருந்து வந்தது?" என்றாள்.

கூரையிலிருந்து. எங்கோ விழுந்த மழை, சரிவில் ஓடி, ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிறது. வளவில் ஆச்சி வைக்கும் அண்டாவும் அதேதான். அறை ஒரு கணம் அமைதியானது, பிறகு அடித் தொண்டையிலிருந்து ஒரு குரல்: "அப்படியென்றால் இது ஊருணி, டீச்சர்."

அன்று பிற்பகலுக்கு எழுதிவைத்த எதையும் நடத்தவில்லை. எல்லோரும் வரத்துக்காலைப் பார்க்கப் போனோம். மறுநாள்தான் மொட்டைமாடியை அளந்தோம்: 12 மீட்டருக்கு 7 மீட்டர், 84 சதுர மீட்டர். 25 மி.மீ. மழைக்கு 2,100 லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 140 குடம். முதல் நாள் ஊகத்தில் அதிகபட்சமாக ஒருவன் சொல்லியிருந்தது பத்துக் குடம்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். பெருக்கலை ஐந்தாம் வகுப்பே செய்துகொண்டு, நான்காம் வகுப்பு டேப்பின் மறுமுனையைப் பிடித்து நின்றது. கவனிக்க நான்கு நாள் ஆனது. கடிதம் எழுதுவதற்கு ஒரே பிற்பகல்தான் மிஞ்சியது. வரத்துக்காலில் அடைத்திருக்கும் குப்பையை அகற்றக் கோரி ஊராட்சிக்கு எழுதியதில் பாதிப் பேர் முகவரியை விட்டுவிட்டார்கள். வீட்டுக் கூரைக் கணக்கை 19 பேரில் 14 பேர் தனியாகச் செய்தார்கள். மீதி ஐவரோடு மறுபடி பெட்டிக்குப் போனேன்.

அடுத்த ஆண்டுக்கான தாளை இப்போதே எழுதத் தொடங்கியிருக்கிறேன். மழை வராவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பத்தி. டேப்பை யார் பிடிப்பது என்று ஒரு வரி. அதற்குக் கீழே, 'ஒரு பாட்டிலை இறவாரத்துக்கு அடியில் வைக்கச் சொல்ல வேண்டும்' என்று எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். நான்கு குழுவில் ஒன்றாவது தானாகவே அங்கே கொண்டுபோய் வைக்கும்.