எத்தனை வீதம், மிஸ்?

ஆய்வேடு ஒப்படைக்கிற காலம் வந்துவிட்டால் எங்கள் நூலகத்தின் கணினிப் பகுதிக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் இருப்பது ஒரே கேள்விதான்: "எத்தனை வீதம், மிஸ்?" மாணவர் அதைக் கேட்கிறார், மேற்பார்வையாளர் அதைக் கேட்கிறார், அலுவலகத்திலிருந்து போன் எடுக்கிறவரும் அதையே கேட்கிறார். இலங்கையின் வடக்கே, வன்னியில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தில், ஆய்வேடுகளை ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் போட்டுப் பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. ஆய்வேட்டில் நூற்றுக்கு எவ்வளவு வேறெங்கோ உள்ள எழுத்தோடு ஒத்துப்போகிறது என்பதுதான் அந்த வீதம். அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த வீதம் எங்கிருந்து வந்தது என்று ரிப்போர்ட்டைத் திறந்து வாசிக்க அரை நாள் வேண்டும். அதைக் கேட்டு யாரும் வருவதில்லை.

நாங்கள் பாவிப்பது டர்னிட்டின். 1998இல் அமெரிக்காவின் பெர்க்லியில் படித்த மாணவர்கள் சிலர் தொடங்கியது. கொடுத்த கோப்பை இணையப் பக்கங்களோடும், ஆய்விதழ்களோடும், பல நாட்டு மாணவர்கள் ஏற்கெனவே ஒப்படைத்து அதன் களஞ்சியத்தில் சேர்ந்திருக்கிற வேலைகளோடும் ஒப்பிட்டு, ஒத்துப்போகிற இடங்களுக்கு நிறம் தீட்டிக் காட்டும். மொத்த வீதத்துக்கும் நிறம் உண்டு. 24 வரை பச்சை, 49 வரை மஞ்சள், 74 வரை செம்மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. இது களவு என்று அது எங்கேயும் சொல்வதில்லை. ஆனால் பச்சை வந்தால் பிள்ளைகள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போகிறார்கள், மஞ்சள் வந்தால் கதிரையிலேயே இருந்து அழுகிறார்கள்.

மண் பரிசோதனை பற்றிய ஓர் ஆய்வேடு 34 வீதத்தோடு வந்தது. "இதை எப்படி ஏற்கிறது?" என்று மேற்பார்வையாளருக்குக் கோபம். திறந்து பார்த்தேன். முதல் பக்கத்து உறுதிமொழி அப்படியே நிறம் தீட்டி இருந்தது. அது நிறுவனமே கொடுத்த வாசகம், எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் போடவேண்டும். அடுத்து, மாவட்டத்தைப் பற்றிய அறிமுகம்: உலர் வலயம், வடகீழ்ப் பருவக்காற்று மழை, இரணைமடுக் குளம். இதை எத்தனை பேர் எத்தனை விதமாகத்தான் எழுதமுடியும்? பிறகு சேதனக் காபன் அளக்கும் முறை. அது வோக்லி, பிளாக் என்ற இருவர் 1934இல் எழுதியது. பொட்டாசியம் டைகுரோமேற்று இவ்வளவு, சல்பூரிக் அமிலம் இவ்வளவு, இத்தனை நிமிடம் ஆறவிடு என்று உலகத்தில் எல்லா ஆய்வுகூடங்களிலும் அதே வரிசையில்தான் செய்கிறார்கள், அதே வரிசையில்தான் எழுதுகிறார்கள். கடைசியில் உசாத்துணைப் பட்டியல் முழுக்க நிறம். அந்தப் பட்டியலையும் மேற்கோள்களையும் கணக்கில் எடுக்காமல் விட்டு, மிகச் சிறிய ஒப்புமைகளையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் 16. எதைத் தள்ளுவது, எத்தனை சொல்லுக்குக் குறைந்ததை விடுவது என்பதெல்லாம் வலைக்கண் மாதிரி. கண்ணைப் பெரிதாக்கினால் சின்ன மீன் எல்லாம் போய்விடும். எந்தக் கண்ணால் வீசினோம் என்று எழுதாமல் வீதத்தை மட்டும் நான் எழுதிக் கொடுக்கிற கடிதத்தில் போட்டால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஆனாலும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

அதே கிழமையில் 9 வீதத்தோடு ஒரு நெல் ஆய்வு வந்தது. நல்ல பச்சை, கையெழுத்துக்குத் தயார். முடிவுகளைக் கலந்துரையாடும் அத்தியாயத்தைச் சும்மா புரட்டினேன். ஜூன் நடுப்பகுதியில் ஆற்று வாய்க்கால் திறந்ததும் இங்குள்ள விவசாயிகள் நாற்று நடத் தொடங்குகிறார்கள் என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டிலும் வயல் இருக்கிறது. வன்னியில் பெரும்பாலும் வீசி விதைப்புத்தான், காலபோகத்துக்கு மழையைப் பார்த்து விதைக்கிறோம், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் வைத்துக் குளத்துத் தண்ணீரைப் பங்கிடுகிறோம். ஜூனில் வாய்க்கால் திறந்து நாற்று நடுகிற ஊர் காவேரிக் கரையில் இருக்கிறது. யாரோ தஞ்சாவூர்ப் பக்கத்து ஆய்வை எடுத்து, வசனத்துக்கு வசனம் சொல்லை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இணையத்தில் அப்படி மாற்றித் தருகிற கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சொல் மாறினால் நிறமும் மாறும். 34 வீதக்காரப் பிள்ளை தானே மண் அள்ளி, தானே ஆய்வுகூடத்தில் நின்று அளந்தவள். அவளைத்தான் முதலில் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

எல்லை எவ்வளவு என்ற கதை வரும்போதெல்லாம் யாராவது இந்தியாவை இழுப்பார்கள். அங்கே பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதி கொண்டுவந்தது: 10 வீதம் வரை தண்டனை இல்லை, 40 வரை போனால் ஆறு மாதத்துக்கு மேற்படாத காலத்துக்குள் திருத்திக் கொடுக்கவேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே இரத்து. இந்த இலக்கங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அதே விதியில், மூலம் சொன்ன மேற்கோள்கள், உசாத்துணை, பொதுச் சொற்கள், நியமமான சமன்பாடுகள் எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் பார்க்கவேண்டும், தற்செயலாக ஒத்துப்போகிற 14 சொல் வரையான தொடரையும் விட்டுவிடலாம் என்று இருப்பது ஒருவருக்கும் ஞாபகமில்லை. தண்டனை மட்டும் கடல் தாண்டி வந்திருக்கிறது, கழிவு அங்கேயே நின்றுவிட்டது.

பிள்ளைகள் ஏன் அப்படியே எடுத்துப் போடுகிறார்கள் என்று கேட்டால், களவுப் புத்தி என்று சொல்வது சுகம். நான் பார்த்த அளவில் பாதிக்கு மேல் பயம். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வந்து, இங்கே விஞ்ஞானப் பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். ஒரு பெடியன் லப்டொப்பைத் திறந்து காட்டினான்: இருபது முப்பது கட்டுரைகளிலிருந்து வெட்டி ஒட்டிய பந்திகள் ஒரே கோப்பில். எது எங்கே எடுத்தது என்று அவனுக்கே தெரியவில்லை. நடுநடுவே அவன் சொந்தமாக எழுதிய வரிகளும் இருந்தன. அவற்றில் பிழை இருந்ததால்தான் அவனுடையது என்று கண்டுபிடிக்க முடிந்தது. அந்த வரிகளைத்தான் அவன் முதலில் அழித்துக்கொண்டிருந்தான், அவை ஆங்கிலம் மாதிரி இல்லையாம்.

"கட்டுரையை மூடு தம்பி. அதில் என்ன சொல்லியிருக்கு என்று எனக்குத் தமிழில் சொல்லு" என்றேன்.

சொன்னான். நன்றாகவே சொன்னான், உப்புத்தன்மை கூடினால் பயிர் எப்படி வாடுது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். "இப்ப நீ சொன்னதை எழுது, ஆங்கிலம் பிழைச்சாலும் பரவாயில்லை, திருத்தலாம்." ஒரு பந்தி எழுத ஒரு மணித்தியாலம் போனது. மூலத்தையும் அடைப்புக்குறிக்குள் ஆண்டோடு போட்டான். இப்படி ஒவ்வொருவரோடும் இருக்க என்னால் முடியாது, விரிவுரையாளர்களுக்கும் நேரமில்லை. ஆனால் இந்த மென்பொருள் உண்மையில் உதவுகிற இடம் இதுதான். ஆய்வு முன்மொழிவு எழுதுகிற கட்டத்திலேயே இரண்டு பக்கத்தைப் போட்டுக் காட்டி, இதோ இங்கே நிறம் வருகிறது, ஏன் என்று பார் என்று சொன்னால் பிள்ளைக்கு விளங்குகிறது. கடைசிக் கிழமையில் காட்டினால் நிறத்தை எப்படி அழிப்பது என்பது மட்டும்தான் விளங்கும். அந்த நேரத்தில் திருத்தித் திருத்தித் திரும்பப் போடுவார்கள். மூன்று முறைக்குப் பிறகு புது ரிப்போர்ட் வர 24 மணித்தியாலம் ஆகும், அப்போது வரும் பாருங்கள் ஒரு பதற்றம்!

காசுக்கு வீதம் பார்த்துத் தருகிறவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். வட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பினால் பத்து நிமிடத்தில் ரிப்போர்ட் வரும். எந்த நாட்டுக் கணக்கில் போடுகிறார்கள் என்று தெரியாது. களஞ்சியத்தில் சேர்க்காதே என்ற தெரிவை அவர்கள் போடாமல் விட்டால் கோப்பு அங்கே தங்கிவிடும். பிறகு நாங்கள் போடும்போது 97 வீதம், மூலம்: கேள்விப்படாத ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவரின் வேலை. தன்னுடைய ஆய்வேட்டையே தான் களவெடுத்ததாகக் காட்டும் சிவப்பைப் பார்த்து ஒரு பிள்ளை பேச்சு மூச்சில்லாமல் நின்றாள். அதை நீக்கவேண்டுமானால் முதலில் போட்ட நிறுவனம்தான் கேட்கவேண்டும். அந்த நிறுவனத்துக்கு இவள் யார்? கடைசியில் மேற்பார்வையாளர் பழைய வரைவுகளைத் திகதியோடு எடுத்துக் காட்டியதால் தப்பினாள்.

2023 ஏப்ரலில் இருந்து செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று சொல்லும் இன்னொரு வீதமும் இந்த மென்பொருளில் வருகிறது. அதை நான் கடிதத்தில் எழுதுவதில்லை. அதே ஆண்டு ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் இந்த வகையான ஏழு கருவிகளைச் சோதித்தார்கள், டர்னிட்டின் அதில் இல்லை. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலப் பரீட்சைக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியது என்று அந்தக் கருவிகள் சொல்லின. சின்னச் சின்ன வசனமாக, தெரிந்த சொற்களை மட்டும் வைத்து எழுதுகிற எங்கள் பிள்ளைகளின் ஆங்கிலம் எந்தப் பக்கம் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழில் எழுதிய ஆய்வேடு என்றால் கதை வேறு. பெரும்பாலும் கடையில் கொடுத்துப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வருகிறது. பாமினியில் "அம்மா" என்பது நமக்குத்தான் அம்மா. கோப்புக்குள்ளே அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். மென்பொருள் அந்தக் குறிகளைத்தான் பார்க்கிறது. தமிழ் எழுத்துக்கென்றே தனிக் குறியீடு உள்ள யூனிகோடில் இருக்கிற விக்கிப்பீடியாப் பக்கம் ஒன்றை முழுதாக எடுத்துப் பாமினிக்கு மாற்றி ஒட்டினாலும் அதற்கு அது தெரியாத பாசை, பூச்சியம்தான் வரும். அந்தப் பூச்சியத்தை அச்சடித்து ஆய்வேட்டின் பின்னால் கட்டிக்கொண்டு பெருமையாக வருகிறார்கள்.

இப்போது தமிழ் ஆய்வேடுகளை யூனிகோடுக்கு மாற்றி, சந்தேகமான வரிகளை ஒவ்வொன்றாகக் கூகுளில் தேடிப் பார்க்கிறேன். நூலகத்தில் கட்டி வைத்திருக்கிற பழைய ஆய்வேடுகளிலிருந்து எடுத்தால், அவை இணையத்தில் இல்லாததால் கூகுளும் உதவாது. எங்கள் நூலக அண்ணை ஒருவர் ராக்கையிலிருந்து பழசை இழுத்துக்கொண்டு வந்து "பிள்ளை, இந்தப் படத்தை நான் முந்தியே பார்த்திருக்கிறன்" என்று சொன்னால்தான் உண்டு. அப்படி ஒருமுறை சொன்னார், வாய்க்கால் பிழையாகக் கீறின வரைபடம், பிழையும் அப்படியே வந்திருந்தது. வழிகாட்டிக் கையேட்டில் எழுத்துரு பாமினி என்று இருக்கிற வரியை யூனிகோடு என்று மாற்றக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் எடுப்பதாகச் சொன்னார்கள். தட்டச்சுக் கடைக்காரர் இப்போதே என்னோடு கோபம்.