முள் மட்டும் மிஞ்சிய தட்டு

"அக் கில்லீ அ ஙிகெல்" என்று பக்கத்து வீட்டுச் சிறுவன் தட்டை என் முன்னால் நீட்டினான். தலையெலும்பும் நடுமுள்ளும் மட்டும் கிடந்தன. கன்னத்துச் சதையைக்கூட விட்டுவைக்கவில்லை. மீனை முழுக்கத் தின்று தீர்த்துவிட்டானாம். பசிபிக் தீவு நாடான பலாவில், கொரோர் நகரத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்த எனக்கு நாகப்பட்டினம் வந்து நெஞ்சை அடைத்தது.

பலாவு மொழியில் தின்பது வேறு, தின்று தீர்ப்பது வேறு. தின்றுகொண்டிருந்தேன், மிச்சமும் இருக்கலாம் என்றால் 'மிலெஙா'. ஒன்றும் விடாமல் முடித்தாயிற்று என்றால் 'கில்லீ'. நாம் 'விடு' என்னும் துணைவினையைச் சேர்த்துத் 'தின்றுவிட்டேன்' என்று கதையை முடிக்கிறோம். இங்கே வினைச்சொல்லே ஆளடையாளம் தெரியாமல் உருமாறிவிடுகிறது. ஸ்பெயின், ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா என்று ஒன்றன்பின் ஒன்றாக இந்தத் தீவுகளை ஆண்டன. சோற்றுப் பொட்டலத்துக்கு இன்றும் ஜப்பானிய 'பெந்தோ'தான். ஆனாலும் சுமார் 18,000 பேர் வாழும் இந்த நாட்டில் ஒரு சிறுவன் மீன் தின்றதைச் சொல்லும்போது, பழைய மொழி தன் நுணுக்கத்தோடு அப்படியே எழுந்து நிற்கிறது. எனக்கு இது பெரிய அதிசயம்.

இன்னொரு சந்தோஷமும் உண்டு. பள்ளியில் மனப்பாடம் செய்த 'ங' வரிசைக்கு இங்கேதான் வேலை கிடைத்தது. மீன் 'ஙிகெல்', குழந்தை 'ஙலெக்', 2006 முதல் தலைநகர் 'ஙெருல்முட்'. தமிழ் நாக்குக்கு இதைவிட நல்ல வரவேற்பு வேறென்ன வேண்டும்!

முதல் பிள்ளை பெற்றவளுக்கு இங்கே மூலிகை போட்ட வெந்நீர்க் குளியல் நாள்கணக்கில் நடக்கும். அது முடிந்ததும் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் மினுங்க அவள் உறவினர் முன் வந்து நிற்பாள். அந்த மஞ்சளைப் பார்த்த பிறகு இது அந்நிய ஊர் என்று எனக்குத் தோன்றவில்லை.

"பழகிவிட்டதா கண்ணு?" என்று அம்மா தொலைபேசியில் கேட்கிறாள். "பழகிவிட்டதம்மா" என்கிறேன். சொல்லி வாய் மூடுவதற்குள் மண்சட்டி கண்முன் வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் மீன்குழம்பை ஒரே நாளில் தீர்க்கும் வழக்கம் கிடையாது. இரவெல்லாம் ஊறிய புளியும் மிளகாயும் துண்டுக்குள் இறங்கிய பிறகுதான், மறுநாள் பழைய சோற்றோடு, அந்தக் குழம்பு தன் முழு ருசிக்கு வரும். ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருப்பதை விரலால் வழித்துத் தின்ன எனக்கும் அண்ணனுக்கும் போட்டி நடக்கும். முதல் நாளே சட்டி காலியானால் அம்மாவின் முகம் வாடிவிடும்.

அடுத்த முறை அந்தப் பக்கத்து வீட்டுச் சிறுவன் வீட்டிலிருந்து மீன் வரும்போது குழம்பு வைக்கப் போகிறேன். அவனுக்கென்று இரண்டு துண்டுகளை மூடி வைப்பேன். மறுநாள் காலையில் வந்து தாராளமாகக் 'கில்லீ' சொல்லட்டும்.