டிப்ளமோவுக்குப் பணம் கட்டும் முன் பதவிப் பெயரைப் பாருங்கள்

நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவள் நான். இலங்கையிலிருந்து வந்த என் பாட்டி, தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தைப் பிள்ளைக்காம்பரா என்றுதான் சொல்வார். அம்மா கொழுந்து எடுக்கப் போகும்போது என்னை அங்கே விட்டுவிட்டுப் போவார். அப்படிப்பட்ட காப்பகம், குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆனால் நான் பார்த்த ஆயாக்களுக்குக் கொழுந்து எடுப்பவர்களுக்குக் கொடுத்த அதே நாள்கூலிதான். இந்த வேலைக்குப் படிக்க நினைக்கும் தங்கைகளுக்கு என் அனுபவம் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்ததும் ஒரு தனியார் மழலையர் பள்ளியில் சேர்ந்தேன். பாட்டு, கதை, எழுத்துப் பயிற்சி எல்லாம் என் பொறுப்பு. வேலை பார்த்துக்கொண்டே இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் குழந்தைப் பராமரிப்பு, முன்பருவக் கல்விக்கான டிப்ளமோ படித்தேன். அதற்குப் பிளஸ் டூ போதும். எழுதுவதற்கு மூன்று தாள், அது தவிர ஒரு செயல்திட்டம். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும். எங்கள் பக்கத்தில் ஜூன் என்றால் தென்மேற்குப் பருவமழை, மண்சரிவு, மின்தடை. அதனால் பெரிய தாள்களை டிசம்பருக்கு வைத்துக்கொண்டேன். மலையில் இருப்பவர்கள் இதை யோசித்துத் தேர்வுப் பணம் கட்டுங்கள். செயல்திட்டத்தை மட்டும் யாரிடமும் எழுதி வாங்காதீர்கள். ஒரே குழந்தையை மாதக்கணக்கில் கவனித்து நான் எழுதிய குறிப்புகள்தான் பிற்பாடு நேர்முகத் தேர்வில் கைகொடுத்தன.

டிப்ளமோ கையில் வந்ததும் சம்பளம் கூட்டிக் கேட்டேன். "உங்க போஸ்ட் உதவியாளர்தானே" என்று பதில் வந்தது. பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. அனுபவச் சான்றிதழிலும் அதையே எழுதிக் கொடுத்தார்கள். நான் பாடம் நடத்திய வருடங்களுக்கு ஒரு வரிகூட இல்லை. அன்றைக்கு மிகவும் அழுதேன். வேலையில் சேரும் நாளிலேயே நியமனக் கடிதத்தில் என்ன பதவி என்று எழுதி வாங்குங்கள். பாடம் நடத்தச் சொன்னால் அதையும் எழுத்தில் கேளுங்கள். படிப்பை முடித்தால், பதவியை மாற்றித் தரச் சொல்லி மனு கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

அப்புறம் அங்கன்வாடிப் பணியாளர் பதவிக்கு விண்ணப்பித்தேன். அப்போது பத்தாம் வகுப்பு போதும். 2025 அறிவிப்பில் பணியாளருக்குப் பிளஸ் டூ, உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு என்று ஆக்கிவிட்டார்கள். நேர்முகத் தேர்வுக்கு எல்லோரும் அங்கன்வாடி தரும் ஆறு சேவைகளை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். நீங்கள் எண்களையும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு இணை உணவில் ஒரு நாளைக்கு எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரதம் என்று பார்த்து வையுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு.

ஆனால் என்னிடம் கேட்ட கேள்வி வேறு. "வீட்டில் பணியர் பழங்குடி மொழி பேசுகிற குழந்தை மையத்துக்கு வருகிறது, நீங்கள் தமிழில் சொல்வது புரியவில்லை. என்ன செய்வீர்கள்?" கூடலூர், பந்தலூர் பக்கம் இது தினமும் நடப்பதுதான். தண்ணீர், பசி, அம்மா, வலி என்று பத்துச் சொற்களை முதலில் நான் அவர்கள் மொழியில் கற்றுக்கொள்வேன், முதல் வாரம் பாட்டியையும் மையத்தில் உட்கார வைப்பேன் என்றேன். மழலையர் பள்ளியில் செய்து பார்த்ததைத்தான் சொன்னேன். உங்கள் ஊர்க் குழந்தைகளைப் பற்றி நீங்களே பார்த்ததைச் சொல்லுங்கள். புத்தகப் பதிலை விட அது நன்றாக நிற்கும்.

சம்பளம்? 2025 அறிவிப்புப்படி முதல் 12 மாதம் தொகுப்பூதியம். பணியாளருக்கு 7,700 ரூபாய், குறு அங்கன்வாடிப் பணியாளருக்கு 5,700, உதவியாளருக்கு 4,100. பிறகுதான் சிறப்புக் காலமுறை ஊதியம், பணியாளருக்கு 7,700 முதல் 24,200 வரை. இதில் டிப்ளமோவுக்கென்று தனி நிலை கிடையாது. என்னுடன் பத்தாம் வகுப்போடு வேலைக்கு வந்த அக்காவுக்கும் இதே ஊதிய விகிதம்தான். அவருக்குக் கிடைப்பது கூடுதல் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், அவருக்கே அது போதாது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, பிளஸ் டூ படித்த பணியாளர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் கீழே படித்தவர்களுக்கு ஓராண்டு டிப்ளமோ என்று சொல்கிறது. பயிற்சிக்கு மாதக்கணக்கு எழுத முடிகிறவர்களால், பயிற்சி பெற்றவருக்கு ஒரு சம்பள நிலையும் எழுத முடியும். சங்கக் கூட்டங்களில் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மத்திய அரசு கொடுக்கும் பங்குக்கு இன்றும் மதிப்பூதியம் என்றுதான் பெயர். ஆனால் 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம், அந்த மதிப்பூதியமும் ஊதியம்தான், அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டம் பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. பணிக்கொடைக்குப் பணிக்காலத்தைக் காட்ட வேண்டும். அதனால் நியமன ஆணை, சேர்ந்த நாள், மாறுதல் ஆணை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். எங்கள் ஊர் ஈரத்தில் காகிதம் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது. என் முதல் ஆணையின் மை ஏற்கெனவே பாதி மங்கிவிட்டது, அடுத்த வாரம் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்கப் போகிறேன்.