வளவு நாட்டின் குடிமக்கள் யார்?

கோடை விடுமுறைக்குக் கோட்டையூர் வீட்டில் கூடிய எங்கள் ஏழு பிள்ளைகளும் மூன்றாம் நாளே வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, தனி நாடாக அறிவித்துவிட்டார்கள். யோசனை அண்ணன் மகனுடையது. 1979-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ராபர்ட் பென் மேடிசன் என்ற 14 வயதுச் சிறுவன் தன் படுக்கையறையைத் தலோசா என்ற நாடாக அறிவித்ததை அவன் படித்திருந்தான். அவனுக்கும் அதே வயது. கொடியும் பெயரும் ஒரே பகலில் முடிந்தன. குடியுரிமைப் பிரிவுக்கு மட்டும் ஒன்பது நாள் பிடித்தது. எழுத்து வேலைக்கு என்னை உட்கார வைத்ததால் அந்த ஒன்பது நாளும் நான் கூடவே இருந்தேன்.

நம் நாடாளுமன்றத்தைப் போல ஒவ்வொரு மசோதாவுக்கும் மூன்று வாசிப்பு என்று முடிவு செய்தோம். அடிப்படைச் சட்டம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஏழு பேரில் ஐந்து வாக்கு.

முதல் வரைவு ஒரே வரி: 'இந்த வீட்டுப் புள்ளிகளின் பிள்ளைகள் குடிமக்கள்.' வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: நகரத்தாரில், அதாவது எங்கள் செட்டிநாட்டுச் செட்டியார் சமூகத்தில், ஒருவனுக்குத் திருமணம் ஆனதும் அவன் குடும்பம் கோயில் கணக்கில் ஒரு புள்ளியாக ஏறும். ஒன்பது கோயில்களில் எந்தக் கோயில் என்பதை வைத்துத்தான் பங்காளி யார், பெண் எடுக்கலாமா என்பதெல்லாம். பெண் மணமானால் கணவர் கோயிலைச் சேர்ந்துவிடுவாள். வளவைச் சுற்றியுள்ள அறைகளும் ஆண்மக்கள் கணக்குத்தான்.

"அப்படியானால் நானும் தம்பியும்?" என்று என் மகள் கேட்டாள். அண்ணன் மகன் சட்டென்று, "நீங்கள் வேறு கோயில்" என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. எனக்குத் திருப்பூட்டு (தாலி கட்டு) நடந்ததும் இதே வீட்டில்தான். அன்றோடு இந்த வீட்டுக் கணக்கிலிருந்து நான் போய்விட்டேன். அது தெரிந்ததுதான், ஆனாலும் பதினோரு வயதுப் பெண் அதைக் கேட்டுவிட்டு தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூவை விரலால் தடவிக்கொண்டு பேசாமல் இருந்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

இரண்டாம் வரைவு, 'இந்த வீட்டில் பிறந்தவர்கள்'. 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்தியாவில் பிறந்தாலே குடியுரிமை உண்டு என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு எழுதினார்கள். எழுதிய பிறகுதான் விழித்தோம். இந்த வீட்டில் கடைசியாகப் பிறந்தவர் என் அப்பச்சி (அப்பா). நாங்கள் எல்லோருமே ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். அந்த வரியின்படி நாட்டில் ஒரு குடிமகன்கூட மிஞ்சவில்லை.

மூன்றாவதாக வந்தது தங்கும் கணக்கு: ஓராண்டில் ஐந்து இரவு. இதற்கு நான்கு வாக்குத்தான் விழுந்தது. எதிர்த்த மூவரும் சிங்கப்பூரில் இருக்கும் தம்பி பிள்ளைகள். அவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறார்கள். அன்று இரவு தம்பியிடம் போனில் கேட்டேன். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால் ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். மூன்று பிள்ளைகளுக்கும் அவன் பதிந்திருக்கிறான். அதை ஒட்டி ஒரு திருத்தம் எழுதினோம்: வர முடியாதவர் பொங்கலுக்குள் தம் கையால் ஒரு கடிதம் எழுதினால் குடியுரிமை நிற்கும்.

ஸ்வீடனில் லார்ஸ் வில்க்ஸ் என்ற கலைஞர் 1996-இல் அறிவித்த லடோனியாவின் குடிமக்கள் யாரும் அங்கே வசிப்பதில்லை. பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளை நினைத்தால் அது எனக்கு வியப்பாகத் தெரியவில்லை. ஆனால் அதை நிஜ நாடென்று நம்பிப் பாகிஸ்தானிலிருந்து ஆயிரக்கணக்கானோர் குடியேற விண்ணப்பித்தார்கள் என்பதைப் படித்தபோது மனம் கனத்தது. அதனால், 'இது கடவுச்சீட்டு தராது, இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டது' என்ற வரியை முதல் பிரிவிலேயே சேர்க்கச் சொன்னேன். விளையாட்டுக்குக்கூட யாரிடமும் பொய் நம்பிக்கை கொடுக்கக்கூடாது.

திருத்தம் ஆறுக்கு ஒன்று என்று நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவன் அண்ணன் மகன். கடிதம் எழுதினால் போதும் என்பது அவனுக்கு இன்னமும் பிடிக்கவில்லை.

இத்தனை நாளும் வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் மகள் பட்டாலைப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வாக்கு எண்ணி முடிந்ததும் எழுந்து வந்து, "நான் விண்ணப்பிக்கலாமா ஆச்சி?" என்றாள். ஒன்பது நாளில் அவளை நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியவளான நானாவது கேட்டிருக்க வேண்டும்.

ஐயா வாங்கி வைத்து எழுதாமல் விட்ட பேரேடுதான் எங்கள் குடிமக்கள் பதிவேடு. பெயர், வயது, தங்கிய இரவுகள் என்று கோடு போட்டிருந்தோம். மற்றவர்கள் 12, 14 என்று எழுதியிருந்த கட்டத்தில் அவள் 365 என்று எழுதினாள். என் மகள்தான் வரிசை எண்ணை மாற்றி அவளை ஒன்றாம் எண்ணில் போட்டாள். அதற்கு யாரும் வாக்கெடுப்புக் கேட்கவில்லை.

அவள் அம்மாவும் விண்ணப்பித்திருக்கிறார். பெரியவர்களைச் சேர்க்கப் பிரிவு இல்லாததால் புதிய மசோதா வேண்டும். முதல் வாசிப்பு முடிந்திருக்கிறது. மீதி பொங்கலுக்கு எல்லோரும் வரும்போது.