ஆக்சிஜன் சென்சாருக்குக் காசு போடும் முன் கூலன்ட் சென்சாரைப் பாருங்கள்

மூன்று தடவை புகைச் சோதனையில் ஃபெயிலான என் வண்டி நேற்று பாஸ் ஆகிவிட்டது. நடுவில் வீணாய்ப் போன 4,600 ரூபாய்தான் இன்னும் வயிற்றெரிச்சல்.

2012 மாடல் பெட்ரோல் கார், பிஎஸ்-4 என்ற புகை விதிக்கு உட்பட்டது. வீடு சென்னையில் கடலோரக் காசிமேட்டுப் பக்கம். சோதனை நிலையத்தில், "ஃபெயில் சார், மெக்கானிக்கிட்ட காட்டுங்க" என்பதோடு சரி, ரீடிங்கைச் சொல்லவே மனமில்லை. மூன்றாம் தடவை சண்டை போட்டுத்தான் வாங்கினேன். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் சும்மா ஓடும்போது, புகையில் கார்பன் மோனாக்சைடு 1.9 சதவீதம்! வரம்பு 0.3தான். இந்த எண்களை முதல் தடவையே கேட்டு வாங்கிவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு எகிறினால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது என்று அர்த்தம். ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் பிளக், காயில் பக்கம் பார்க்க வேண்டும்.

அதற்குள் ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று. பிளக் நாலும் அடுப்புக்கரி மாதிரி இருந்ததைப் பார்த்து, மெக்கானிக் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரையும் மாற்றினார். பலன் இல்லை.

கடைசியில் மூலக்கடையில் வயரிங் வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் போனேன். கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார். ரேடியேட்டர் ஹோஸில் கை வைக்க முடியவில்லை, ஸ்கேனரில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூடு 34 டிகிரி! "எஞ்சின் கொதிக்குது, கம்ப்யூட்டர் இன்னும் விடியலைன்னு நெனச்சு பெட்ரோலை ஊத்துதுப்பா" என்றார். 34 என்பது நடக்கக்கூடிய அளவுதானே, அதனால் செக் எஞ்சின் விளக்கும் எரியவில்லை.

அந்தச் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிக் காட்டினார். ரப்பர் சீல் கிழிந்து, இரண்டு பின்னிலும் பச்சைப் பசேலென்று களிம்பு. கடல் காற்று செய்த வேலை. களிம்பு ஏறினால் மின்தடை கூடும். தடை கூடினால் எஞ்சின் குளிர்ந்திருப்பதாகத்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். கனெக்டரை மாற்றி ஒட்ட வைத்ததும் 34 ஒரே தாவலில் 96 ஆனது. அடுத்த நொடி ரேடியேட்டர் ஃபேன் சுற்றியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு மாதம் இருக்கும். டிராஃபிக்கில் மாட்டியிருந்தால் எஞ்சின் கொதித்து, அதன் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டே போயிருக்கும். டேஷ்போர்டில் சூட்டு முள் எப்போதும் கீழேயே கிடந்தால் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

செலவு 350 ரூபாய். எஞ்சின் ஆறுவதற்குள் அப்படியே சோதனைக்கு ஓட்டிப் போனேன், கார்பன் மோனாக்சைடு 0.07! ஒரு வருடத்துக்குச் சான்றிதழ் கையில்.

கழற்றிய பழைய ஆக்சிஜன் சென்சாரை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன். அது நல்ல சென்சார்.