முதலில் கால், அப்புறம் இறக்கை: தோட்டத்துப் பூச்சிகளோடு பழகிவரும் அனுபவம்

தோட்டத்தில் கண்ணில் படுவதையெல்லாம் இன்னதென்று அறிய வேண்டும் என்று தொடங்கிய வேலை, இப்போது ஓரளவு கைவந்திருக்கிறது. நிறத்தைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். முதலில் கால்.

ஆறு கால் என்றால் பூச்சி. எட்டுக் கால், இரண்டே பகுதியாக உடல், உணர்கொம்பு கிடையாது என்றால் சிலந்தி. நிறையக் கால் இருந்தால், உடலின் ஒவ்வொரு வளையத்திலும் எத்தனை என்று பார்க்கிறேன். ஒரு ஜோடி என்றால் பூரான், பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடி என்றால் மரவட்டை. தொட்டியைத் தூக்கினால் ஈரத்தில் ஓடுமே, ஏழு ஜோடிக் கால் உள்ள சாம்பல் நிறப் பிராணி, அது இதில் எதுவுமில்லை. நண்டு, இறால் இனம்!

அடுத்தது இறக்கை. மஞ்சள், கறுப்புப் பட்டையோடு பூவின் முன் அந்தரத்தில் நிற்பதெல்லாம் தேனீ அல்ல. தேனீக்கு நான்கு இறக்கை. இரண்டே இறக்கை, பெரிய கண், குட்டையான உணர்கொம்பு என்றால் அது ஈ வகை. முதுகும் நன்றாக உதவுகிறது. இறக்கை மூடி நடுவில் நேர்கோடாகச் சேர்ந்தால் வண்டு. இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து, தோளுக்குக் கீழே ஒரு முக்கோணம் தெரிந்தால் பெரும்பாலும் நாவாய்ப்பூச்சி. அதற்கு வாய் ஊசி போல இருக்கும்.

இந்தப் பழக்கம் ரொம்பக் கைகொடுத்தது செம்பருத்தியில்தான். தண்டு முழுக்க மாவுப்பூச்சி, வெள்ளை மாவு படிந்தாற்போல் ஒட்டியிருந்து செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. நடுவில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, வெள்ளை மெழுகு இழைகள் நீளமாகத் தொங்க, வேகமாக நடந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், பக்கத்திலிருந்த மாவுப்பூச்சியைத் தின்றுகொண்டிருந்தது. கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு அது. அந்தக் கிளையை அப்படியே விட்டுவைத்தேன். பிறகு செம்பழுப்புத் தலையும் கருத்த முதுகுமாக, புள்ளியே இல்லாத வண்டுகள் அங்கே நடமாடின. மாவு படிந்ததையெல்லாம் நசுக்கிவிடும் பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள்.

எறும்பு வேடம் போடும் சிலந்தியும் சிக்கியது. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு மாதிரித் தூக்கி ஆட்டிக்கொண்டே நடக்கிறது. பக்கவாட்டில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி எண்ணினால் எட்டுக் கால். முகத்தில் முன்பக்கம் பெரிய கண் இரண்டு. குதிக்கும் சிலந்திக் குடும்பம். இதனாலேயே எதையும் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று என்று படம் எடுக்கிறேன்.

சின்ன ஈக்களை இனம் வரை கொண்டுபோக படம் மட்டும் போதாது. குடும்பப் பெயரோடு நிறுத்தி, தேதியையும் செடியையும் குறித்துவைக்கிறேன். இப்போது புழுக்களில் இறங்கியிருக்கிறேன். முன்னால் மூன்று ஜோடி உண்மைக் கால், பின்னால் சதைப்பற்றான போலிக் கால். அது ஐந்து ஜோடிக்குள் இருந்தால் பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சி அல்லது அந்துப்பூச்சி. ஆறு ஜோடிக்குக் குறையாமல் இருந்தால் ரம்பக் குளவியின் புழு.